ஒரே தூரம், போக ஒரு நேரம், வர ஒரு நேரம்: காற்றை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?

மாணவர்களின் புவியியல் பயிற்சிக்காக, இரு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் கணக்கிடும் எக்செல் தாள் ஒன்றைத் தயாரிக்கிறேன். பத்து நாட்களாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

எடுத்துக்கொண்டது லண்டன் ஹீத்ரோவும் நியூயார்க் கென்னடியும். தூரம் சரியாக வருகிறது: ஹாவர்சைன் சூத்திரம் (கோளத்தின் மேற்பரப்பில் இரு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைத் தருவது), பூமியின் ஆரம் 6,371 கி.மீ., விடை ஏறத்தாழ 5,540 கி.மீ. (முதலில் பாகைகளை ரேடியனாக மாற்ற மறந்து இரண்டு நாட்களை இழந்தேன்.)

சிக்கல் நேரத்தில்தான். மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 6 மணி 9 நிமிடம். கால அட்டவணையிலோ நியூயார்க் போக ஏறக்குறைய 8 மணி, லண்டன் திரும்ப ஏறக்குறைய 7 மணி. ஓடுபாதைக்கும் ஏற்ற இறக்கத்துக்கும் அரை மணி கூட்டினேன். திரும்பும் பயணம் ஓரளவு நெருங்கியது, போகும் பயணம் நெருங்கவில்லை. வேகத்தை 800 ஆகக் குறைத்தேன். இப்போது ஒன்று கூடுகிறது, மற்றொன்று குறைகிறது. நேர மண்டலப் பிழையும் இல்லை. 5 மணி வித்தியாசத்தையும், மார்ச்சில் சில வாரங்கள் அது 4 மணியாவதையும் சரிபார்த்துவிட்டேன்.

விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசும் ஜெட் காற்றோட்டமே காரணம் என்பது புரிகிறது. குளிர்காலத்தில் அது வலுக்கிறது என்பதால் ஒரே எண்ணை ஆண்டு முழுவதற்கும் போட மனம் ஒப்பவில்லை. மாணவர்களுக்குத் தவறான கணக்கைக் கொடுக்க விருப்பமில்லை.

நேரடிக் காற்றுத் தரவு இல்லாமல், திசையையும் மாதத்தையும் மட்டும் வைத்து இந்தக் காற்றின் வேகத்தைச் சூத்திரத்தில் சேர்ப்பது எப்படி?