கச்சேரி கீபோர்டு ஃபைல்கள்: சிங்க் போதுமா, பேக்கப் தனியாக வேண்டுமா?

கட்டைவிரல்:
என்னிடம் ஒரே மாடலில் இரண்டு கீபோர்டு. ஒன்று கச்சேரிக்குப் போகும், இன்னொன்று வீட்டில் பிராக்டிஸுக்கு. ஸ்டைல் (தானாக ஓடும் தாளப் பின்னணி), ரிஜிஸ்ட்ரேஷன் (ஒரு பாட்டுக்கான வாய்ஸ், ஸ்டைல், டெம்போ எல்லாம் ஒரே பட்டனில்), அந்தப் பட்டன்களின் தொகுப்பான பேங்க் எல்லாம் பென்டிரைவில். லேப்டாப்பில் ஒரு சிங்க் செயலி போட்டு, பென்டிரைவைச் சொருகினால் லேப்டாப்புக்கும் வீட்டு கம்ப்யூட்டருக்கும் தானாகவே காப்பி ஆகும்படி வைத்திருந்தேன். மூன்று இடத்தில் இருக்கிறதே, இனி என்ன கவலை என்று இருந்தேன். போன மாதம் ஒரு கோயில் கச்சேரிக்கு முந்தின ராத்திரி, தூக்கக் கலக்கத்தில் "மெலடி 2" பேங்க் மேலேயே வேறு ஒரு பேங்கை சேவ் செய்துவிட்டேன். காலையில் பென்டிரைவை லேப்டாப்பில் சொருகிவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மூன்று இடத்திலும் அதே தப்பு ஒற்றுமையாக உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு எட்டுப் பாட்டுக்கு மேடையிலேயே ஸ்டைல் தேடி, டெம்போ வைத்து, ட்ரான்ஸ்போஸ் (சுருதி) மாற்றி... தபேலாக்காரர் நடுவில் இரண்டு தடவை சும்மா வாசித்து நேரம் கடத்திக் கொடுத்தார்.

நான் சொல்ல வருவது இதுதான்: சிங்க் என்பது பேக்கப்பே கிடையாது. மறுப்பவர்கள் வரலாம்.

ஒயர்_மாமா:
மறுக்கிறேன். தப்பு உங்கள் அமைப்பில் அண்ணே, சிங்க்கில் இல்லை. சிங்க்திங் மாதிரியான செயலியில் பழைய பதிப்புகளை வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. நாமாகப் போய் ஆன் செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஆன் செய்திருந்தால், மாறிய ஃபைலின் பழைய காப்பி ஒரு மறைவு ஃபோல்டரில் கிடந்திருக்கும், இரண்டு நிமிடத்தில் எடுத்திருப்பீர்கள். கையால் காப்பி போடுகிறவன் சீசன் நேரத்தில் மறப்பான். ஆடி மாதம் வாரத்துக்கு நாலு கச்சேரி, விடியற்காலை வேனில் வந்து இறங்கியதும் யார் உட்கார்ந்து காப்பி போடுவது? தானாக நடப்பது மட்டும்தான் நடக்கும்.

பழைய_ஃப்ளாப்பி:
தம்பி, தானாக நடப்பது தானாகவே கெடவும் செய்யும். நான் யமஹா டிஎக்ஸ்7 சின்தசைசர் காலத்து ஆள், எண்பதுகள். அதில் 32 வாய்ஸ் (ஒலி) கொண்ட ஒரு பேங்க் முழுக்க 4104 பைட்தான், கீபோர்டுகளை இணைக்கும் மிடி கேபிளில் ஒன்றரை விநாடிக்குள் போய்விடும். அதை கீபோர்டில் சொருகும் ரேம் கார்ட்ரிட்ஜில் ஒன்று, அப்புறம் ஃப்ளாப்பி வந்தபின் இரண்டு என்று வைத்திருந்தேன். ஃப்ளாப்பியின் மூலையில் ஒரு சின்னத் தடுப்பு இருக்கும், அதை நகர்த்தி ஓட்டை தெரிந்தால் யாரும் மேலே எழுத முடியாது. இன்றைய பென்டிரைவ் பெரும்பாலானவற்றில் அது இல்லை. பெரிய எஸ்டி கார்டில் பக்கவாட்டில் ஒரு குட்டி நாக்கு இருக்கிறது, அதைக்கூட மதிப்பதும் மதிக்காததும் கார்டு ரீடரின் இஷ்டம்.

என் வழி எளிது. சீசன் தொடங்கும் முன் தேதி போட்ட ஒரு ஃபோல்டர், அதை இரண்டு பென்டிரைவில் போட்டு, ஒன்று கீபோர்டு உறையில், ஒன்று வீட்டு பீரோவில். கச்சேரி முடிந்தால் புதுத் தேதியில் புது ஃபோல்டர். பழையதைத் தொடுவதே கிடையாது.

ஒயர்_மாமா:
பீரோவில் இருக்கும் பென்டிரைவ் இன்னும் படிக்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள் ஐயா? ஃபிளாஷ் மெமரி மின்சாரம் காணாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் உள்ளே இருக்கும் சார்ஜ் மெல்லக் கசியும். போதாததற்கு 64 ஜிபி என்று அட்டையில் போட்டு உள்ளே 8 ஜிபி வைத்து விற்கிற போலிகள் வேறு. 8 ஜிபி தாண்டும் வரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். வாங்கியவுடன் முழுக்க எழுதித் திரும்பப் படித்துச் சோதிக்கவில்லை என்றால் அது பேக்கப் இல்லை, நம்பிக்கை.

808_பட்டறை:
நான் கச்சேரி ஆள் இல்லை, வீட்டில் டிஜிடாக்ட், ஆக்டாட்ராக் என்ற இரண்டு சாம்ப்ளர் (பதிவு செய்த ஒலியை வாசிக்கும் பெட்டி) வைத்து பீட் பண்ணுகிறவன், ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் இருவரும் ஃபைல் எங்கே இருக்கிறது என்று சண்டை போடுகிறீர்கள். ஃபைலை மெஷின் எப்படித் தேடுகிறது என்பதுதான் என் கேள்வி. ஒரே கம்பெனி, இரண்டு பெட்டி, இரண்டு குணம். டிஜிடாக்ட் சாம்பிளை (ஒலித் துண்டை) அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஓர் அடையாளத்தை வைத்துத் தேடுகிறது, அதனால் பெயர் மாற்றினாலும் ஃபோல்டர் மாற்றினாலும் ப்ராஜெக்ட் கண்டுபிடித்துவிடும். ஆக்டாட்ராக் சிஎஃப் மெமரி கார்டில் ஃபைல் இருக்கும் ஃபோல்டர் பாதையைப் பார்த்துத் தேடுகிறது. கம்ப்யூட்டரில் கார்டைத் திறந்து "கிக்" ஃபோல்டரை அழகாக ஒழுங்குபடுத்தினால், திரும்பப் போடும்போது ட்ராக் ஊமை. சிங்க் செயலிக்கு இது தெரியவே தெரியாது, ஃபைல் ஒன்றும் குறையவில்லை என்று பச்சை டிக் போட்டுவிடும்.

அப்புறம் மேக் வைத்திருப்பவர்கள் கவனம். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த கார்டில் புள்ளியும் அடிக்கோடும் சேர்ந்து தொடங்கும் குட்டி ஃபைல்களை மேக் விட்டுவிட்டுப் போகும். மேக்கின் ஃபைல் விண்டோவான ஃபைண்டரில் கண்ணுக்குத் தெரியாது. பெயர் மட்டும் வேவ் (ஒலி) ஃபைல் மாதிரி இருப்பதால் சில சாம்ப்ளர்கள் பட்டியலில் காட்டும், திறந்தால் ஒன்றும் இருக்காது.

பழைய_ஃப்ளாப்பி:
பாருங்கள், இத்தனை வம்பும் கம்ப்யூட்டரில் சொருகுவதால்தானே. மெஷினிலேயே பேக்கப் எடுக்கும் மெனு இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் என்ன?

ஒயர்_மாமா:
மெனு எல்லாவற்றையும் எடுக்கிறது என்று யார் சொன்னது? யமஹா பிஎஸ்ஆர்-எஸ்970 மேனுவலைப் படியுங்கள். யூசர் டிரைவை (கீபோர்டின் உள் நினைவகம்) ஒரே ஃபைலாக எடுக்கும், ஆனால் எக்ஸ்பான்ஷன் பேக் (கூடுதலாக ஏற்றிய வாய்ஸ், ஸ்டைல் தொகுப்பு) அதில் சேராது, ப்ரொடெக்ட் செய்த (காப்பி தடுத்த) பாட்டும் சேராது. அந்த ஒரே ஃபைலைத் திரும்பப் போட்டால் முழுசாகத்தான் விழும், ஒரு பேங்க் மட்டும் வேண்டும் என்று அதிலிருந்து கிள்ளி எடுக்க முடியாது. கட்டைவிரல் அண்ணனின் "மெலடி 2" கதைக்கு அது உதவியே இருக்காது.

கட்டைவிரல்:
சரி, இது நியாயம். பழைய பதிப்பு வசதியைப் போன ஞாயிறு ஆன் செய்து, வேண்டுமென்றே ஒரு பேங்கைக் கெடுத்துப் பார்த்தேன். பழையது லேப்டாப்பில் இல்லை, வீட்டு கம்ப்யூட்டரில்தான் கிடைத்தது. ஒயர்_மாமா, இதை நீங்கள் சொல்லவில்லை.

ஒயர்_மாமா:
ஆமாம், விட்டுவிட்டேன். இன்னொரு மெஷினிலிருந்து வரும் மாற்றத்துக்குத்தான் பழைய காப்பி வைக்கும், தன் மெஷினிலேயே நடந்த மாற்றத்துக்கு வைக்காது. அதனால் அந்தப் பக்கமும் ஆன் செய்திருக்க வேண்டும். ஒப்புக்கொள்கிறேன், கச்சேரிக்காரருக்கு இது ஒரு படி அதிகம்தான். ஆனாலும் பீரோவை விட மேல்.

கட்டைவிரல்:
இப்போது இரண்டும் வைத்திருக்கிறேன். சிங்க் ஓடட்டும், ஐயா சொன்ன தேதி ஃபோல்டர் சிங்க்குக்கு வெளியே தனிப் பென்டிரைவில். நேற்று அந்தத் தனிப் பென்டிரைவை வீட்டு கீபோர்டில் போட்டுப் பார்த்தேன். ரிஜிஸ்ட்ரேஷன் பட்டனை அழுத்தினால் வாய்ஸ் வருகிறது, டெம்போ வருகிறது, ஸ்டைல் மட்டும் வரவில்லை! அரை மணி நேரம் மண்டையை உடைத்தபின் தெரிந்தது, பையன் பாட்டுக் கேட்க இன்னொரு பென்டிரைவை ஏற்கெனவே பின்பக்கம் சொருகி வைத்திருந்தான். அது யூஎஸ்பி1 ஆகிவிட்டது, என்னுடையது யூஎஸ்பி2. ரிஜிஸ்ட்ரேஷன் யூஎஸ்பி1இல் போய் ஸ்டைலைத் தேடிக்கொண்டிருக்கிறது. 808 தம்பி சொன்ன அதே ஆக்டாட்ராக் வியாதி.

808_பட்டறை:
ஸ்டைலை எல்லாம் யூசர் டிரைவுக்கு மாற்றி அங்கிருந்து ரிஜிஸ்ட்ரேஷனைத் திரும்ப சேவ் செய்யுங்கள் அண்ணே, அப்போது எந்த ஓட்டையில் சொருகினாலும் கவலை இல்லை.

பழைய_ஃப்ளாப்பி:
எத்தனை பேங்க்?

கட்டைவிரல்:
41. ஒவ்வொன்றிலும் 8 பட்டன்.