பிரெஞ்ச் டோஸ்ட் வெளிய சிவக்குது, உள்ள சொதசொதன்னு இருக்கு, என்ன பண்ணலாம்?

காலைப்பசி:
எல்லாருக்கும் வணக்கம். லீவு நாள் காலைல வீட்ல இருக்குறவங்களுக்கு ஸ்வீட் பிரெஞ்ச் டோஸ்ட் நல்லா பண்ணிப் போடணும்னு ரொம்ப ஆசை. இப்ப பண்றது எப்படின்னா 4 முட்டை, ஒரு கப் பால், கொஞ்சம் சக்கரை, பட்டைத்தூள், வெனிலா எசன்ஸ் எல்லாத்தையும் அடிச்சு அதுல ஸ்லைஸ் பிரெட்ட நல்லா ஊற வச்சு வெண்ணெய் போட்டு பேன்ல சுட்டு எடுக்குறேன். மேல சூப்பரா சிவந்துடுது, ஆனா பிச்சுப் பாத்தா நடுவுல வேகாத மாதிரி சொதசொதன்னு இருக்கு, முட்டை வாடை வேற வருது. பட்டைத்தூள் கலக்கவே மாட்டேங்குது, மேலயே மிதந்து முதல்ல போடுற பிரெட்லயே மொத்தமா ஒட்டிக்குது, கடைசில போடுறதுக்கு ஒண்ணும் மிச்சம் இல்ல. பிரெட் மாத்தணுமா, பால் குறைக்கணுமா, தீ குறைக்கணுமா? பழைய பிரெட்ல பண்ணாதான் நல்லாருக்கும்னு சொல்றாங்களே, அது நிஜமா?

அடுப்படி:
பால் அளவுல தப்பே இல்லைங்க, அத குறைக்காதீங்க. பிரெட்தான் விஷயம். புது பிரெட்டோட எடைல மூணுல ஒரு பங்குக்கு மேல தண்ணிதான் இருக்கும், அது ஏற்கனவே ஈரத்தோட இருக்கும்போது மேல பாலும் முட்டையும் ஊத்துனா உள்ள வாங்கிக்க எடம் இல்லாம கூழாகிடும். அதனால முதல்ல அந்த ஈரத்த வெளிய எடுக்கணும், அப்புறம்தான் பால்.

பழைய பிரெட் மேட்டர் பாதி உண்மைதான். பிரெட் நாளாக நாளாக விறைச்சுப் போறது தண்ணி வத்தி மட்டும் இல்ல, உள்ள இருக்குற ஸ்டார்ச் இறுகுறதாலயும்தான். கவர் மூடியே வச்சிருந்தாலும் விறைக்கும், ஆனா ஈரம் முக்காவாசி உள்ளயேதான் இருக்கும். கைக்கு கட்டியா இருக்கேன்னு நம்பி ஊற வச்சா மறுபடி அதே சொதசொதப்புதான் வரும். ஓவன் இருந்தா 150 டிகிரில கம்பி ரேக் மேல ஸ்லைஸ பரப்பி 10லேந்து 15 நிமிஷம் வைங்க, நடுவுல ஒருக்கா திருப்பி விடுங்க. நிறம் மாறக் கூடாது, தொட்டா மேல காய்ஞ்சிருக்கணும், நடுவுல அமுக்குனா லேசா மெத்துன்னு இருக்கணும், அதான் பதம். ஓவன் இல்லேன்னா ராத்திரியே ஸ்லைஸ தனித்தனியா ரேக் மேல வச்சு திறந்து விட்டுடுங்க.

தடிமனும் முக்கியம். நீங்களே வெட்டுற பிரெட்டா இருந்தா 2லேந்து 2.5 சென்டிமீட்டர் வெட்டுங்க, பிரியோஷ் மாதிரி முட்டையும் வெண்ணெயும் போட்ட பிரெட் கிடைச்சா அத அடிச்சுக்க ஆளே இல்ல. தடியா வெட்டி காய வச்சத ஒவ்வொரு பக்கமும் ஒரு நிமிஷமாவது ஊற விடலாம். மெல்லிசு ஸ்லைஸ்னா பக்கத்துக்கு 10, 15 செகண்டு போதும், எடுத்து சொட்டு வடியுற வரைக்கும் தூக்கிப் பிடிச்சுட்டு அப்புறம் பேன்ல போடுங்க.

மஞ்சக்கரு:
அடுப்படி சொன்னது அத்தனையும் சரி, நான் முட்டை வாடைக்கு வரேன். அந்த வாடை பெரும்பாலும் வெள்ளைக்கருலேந்து வர்றது, அதுல இருக்குற புரதத்துல கந்தகம் இருக்கு, சூடு ஓவராச்சுன்னா அது வெளிய வந்து மூக்குல ஏறும். 4 முழு முட்டைக்கு பதிலா 2 முழு முட்டையும் 2 மஞ்சக்கருவும் போட்டுப் பாருங்க, வாடையும் குறையும், உள்ள ஆம்லெட் மாதிரி இல்லாம கஸ்டர்ட் மாதிரி வழுவழுன்னு வரும். கலவைய ஒரு தடவ வடிகட்டிடுங்க, மஞ்சக்கருவ புடிச்சிட்டிருக்குற அந்த வெள்ளை நூல் மாதிரி இருக்குறது எல்லாம் போயிடும், இல்லேன்னா அதுதான் பிரெட் மேல ஒட்டி தனியா வெந்து வெள்ளை வெள்ளையா தெரியும்.

பட்டைத்தூள நேரா பால்ல கொட்டுனா என்ன அடிச்சாலும் மிதக்கத்தான் செய்யும். முதல்ல காய்ஞ்ச சக்கரைல போட்டு நல்லா பிசறிக்கணும், அப்புறம் முட்டைய அதுல ஊத்தி கெட்டியா அடிக்கணும், கடைசிலதான் பால, அதுவும் கொஞ்சம் கொஞ்சமா. அப்பயும் ஒவ்வொரு ஸ்லைஸ் முக்குறதுக்கு முன்னாடி ஒரு கலக்கு கலக்கிக்கோங்க. உப்பு ஒரு சிட்டிகை மறக்காதீங்க, ஸ்வீட்டுக்கு எதுக்கு உப்புன்னு விட்டுடுறாங்க, அது இல்லேன்னா ருசி சப்புன்னு போயிடும்.

ரொட்டிப்பிரியன்:
தீய பத்தி யாருமே சொல்லலயே, அதுதானே பாதி வேலை! மிதமானதுக்கும் கொஞ்சம் கீழ வைங்க, ஒரு பக்கத்துக்கு 3, 4 நிமிஷம் ஆகட்டும். கலவைல சக்கரை இருக்கு, பேன் ரொம்ப சூடா இருந்தா உள்ள முட்டை கட்டியாகுறதுக்குள்ள வெளிய கருகிடும், உங்களுக்கு நடக்குறது இதுதான். வெண்ணெய் சீக்கிரம் கருகாம இருக்க கூட கொஞ்சம் எண்ணெய் சேத்துக்கோங்க.

மஞ்சக்கரு:
எண்ணெய் சேத்தா வெண்ணெய் கருகாதுங்கறது மட்டும் சரியில்ல ப்ரோ. கருகுறது வெண்ணெய்ல இருக்குற பால் சத்து, அது எண்ணெய்ல கிடந்தாலும் அதே சூட்டுலதான் கருகும். நெய்ல அது இல்ல, அதனால நெய் தாங்கும். வெண்ணெய் மணம்தான் வேணும்னா ஒவ்வொரு ஈடுக்கும் பேன துடைச்சுட்டு புதுசா வெண்ணெய் போடுங்க.

ரொட்டிப்பிரியன்:
ஓ அப்படியா, நல்ல தகவல், நெய்லயே போடலாம் அப்ப. இன்னொண்ணு, ஸ்வீட்டா சாப்பிடுறவங்க கண்டிப்பா செஞ்சு பாக்க வேண்டியது: கலவைல சக்கரைய குறைச்சுடுங்க, ஒரு பக்கம் வெந்ததும் மேல இருக்குற பக்கத்துல ஒரு ஸ்பூன் சக்கரைய பரவலா தூவி திருப்பிப் போடுங்க. கடைசி ஒரு நிமிஷம் பக்கத்துலயே நில்லுங்க. முதல்ல சத்தமில்லாம உருகும், அப்புறம் ஓரத்துல சின்ன சின்ன குமிழி வரும், நிறம் தேன் மாதிரி ஆகும், அந்த நேரம் எடுத்துடணும், இன்னும் கொஞ்சம் விட்டாலும் கசந்துடும். எடுத்த உடனே வாய்ல வச்சுடாதீங்க, உருகின சக்கரை நாக்க பொத்துடும், ரெண்டு நிமிஷம் ஆறுனா மேல கண்ணாடி மாதிரி மொறுமொறுன்னு ஆகிடும், கத்தி வச்சா டக்குன்னு உடையும். அதுக்கப்புறம் சிரப்பே தேவைப்படாது. ரோமானியர் காலத்துலயே ரொட்டிய பால்ல ஊற வச்சு பொரிச்சு தேன் ஊத்தி சாப்பிட்டிருக்காங்க, இத்தன காலமா மனுஷன் விடாம செய்யுற பண்டத்த நாம ஏன் ஏனோதானோன்னு செய்யணும்.

காலைப்பசி:
எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, இவ்ளோ விளக்கமா சொல்வீங்கன்னு எதிர்பாக்கல. ராத்திரியே பிரெட்ட காய வச்சுடுறேன். ரெண்டு கேள்வி மட்டும். ஆள் நிறைய இருந்தா ஒவ்வொண்ணா சுடும்போது முதல்ல சுட்டது ஆறிடுது, எல்லாரும் ஒண்ணா உக்காந்து சூடா சாப்பிட வழி இருக்கா? முட்டை சாப்பிடாதவங்களுக்கு என்ன பண்றது?

அடுப்படி:
ஓவன 100 டிகிரில வச்சு கம்பி ரேக் மேல ஒவ்வொண்ணா வச்சுட்டே வாங்க. தட்டுல ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குனா ஆவி வெளிய போக வழியில்லாம மொறுமொறுப்பு எல்லாம் போயிடும். ஆள் அதிகம்னா பேனையே மறந்துடுங்க, ராத்திரி வெண்ணெய் தடவுன பேக்கிங் ட்ரேல காய வச்ச பிரெட்ட அடுக்கி 6 முட்டை, 2 கப் பால் கலவைய மேல ஊத்தி மூடி ஃப்ரிட்ஜ்ல வச்சுடுங்க, காலைல 180 டிகிரில 40, 45 நிமிஷம். நடுவுல கத்தி குத்துனா பால் மாதிரி எதுவும் வரக் கூடாது, தெர்மாமீட்டர் இருந்தா நடுவுல 71 டிகிரிக்கு குறையாம இருக்கணும். கண்ணாடி ட்ரேன்னா ஃப்ரிட்ஜ்லேந்து எடுத்து நேரா சூடான ஓவன்ல வைக்காதீங்க, விரிசல் விட்டுடும், குளிர்ச்சி போற வரைக்கும் வெளிய வச்சுட்டு அப்புறம் வைங்க.

மஞ்சக்கரு:
முட்டை இல்லாம பண்ண ஒரு கப் பாலுக்கு 2 டேபிள்ஸ்பூன் கஸ்டர்ட் பவுடர் கரைச்சுக்கோங்க, நிறமும் வரும், பிடிப்பும் வரும். அது அடில தங்கிடும், முக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் கலக்கியே ஆகணும். முட்டை போட்டது அளவுக்கு உப்பி வராது, ஆனா ஓரமெல்லாம் நல்லா முறுகும், அது தனி ருசி. கூட புளிப்பா ஏதாவது வைங்க, ஸ்ட்ராபெரியோ சக்கரை போடாத கெட்டித் தயிரோ, இனிப்பு திகட்டாம இன்னும் ரெண்டு துண்டு உள்ள போகும். மிச்சமானா ரேக்ல முழுசா ஆற வச்சு, தனித்தனியா ஃப்ரீசர்ல இறுக விட்டு அப்புறம் கவர்ல போட்டு வைங்க. வேணுங்கறப்ப எடுத்து ஐஸ் விட விடாம நேரா டோஸ்டர்ல போட்டுடலாம், ஆனா சக்கரை தூவி சுட்டத டோஸ்டர்ல போடாதீங்க, உருகி கம்பில ஒட்டிக்கும், அத ஓவன்லயே சூடு பண்ணுங்க.