வால்பேப்பரைச் சுரண்டாதீர்கள், ஊற வையுங்கள்

காட்பாடியிலிருந்து இங்கிலாந்தின் லீட்ஸுக்கு வந்து வீடு வாங்கியிருக்கும் தம்பிக்கு,

மூன்றடுக்கு வால்பேப்பர், சுரண்டிச் சுரண்டிக் கையே போச்சு என்று எழுதியிருந்தீர்கள். நானும் வேலூர் சத்துவாச்சாரிக்காரிதான். பொங்கலுக்கு முன்னால் பழைய சுண்ணாம்பைத் தகட்டால் வறக் வறக்கென்று சுரண்டிவிட்டு வெள்ளையடித்துப் பழகிய கை நமக்கு. இங்கே அப்படிச் செய்தால் தாள் வராது, சுவர்தான் பெயர்ந்து வரும்.

முதலில் ஒரு மூலையை நகத்தால் நெம்பிப் பாருங்கள். மேல் தாள் வினைல் (பிளாஸ்டிக் பூச்சுள்ளது) என்றால் காய்ந்தபடியே நீளமாக உரிந்துவிடும், அடித்தாள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். வெந்நீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து அதன்மேல் ஸ்பான்ஜால் ஒற்றி, 15 நிமிடம் விடுங்கள். காய்ந்தால் மறுபடி ஒற்றுங்கள். பசை இளகிய பிறகு அகலமான தகட்டைச் சாய்த்துப் பிடித்துத் தள்ளினாலே சுருண்டு வரும். தாள்மேல் பெயிண்ட் அடித்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. அங்கே மட்டும் முள்சக்கரத்தால் லேசாகத் துளை போடுங்கள்.

நீராவி அடித்துத் தாளை இளக்கும் ஸ்டீமர் வாடகைக்குக் கிடைக்கும், நல்ல பொருள்தான். ஆனால் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டே நிற்காதீர்கள். நான் அப்படி நின்றதில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூச்சு விழுந்தது. தட்டினால் உள்ளே வெற்றிடம்போல் சத்தம் கேட்கிறதா? அது பிளாஸ்டர்போர்டு, இரண்டு பக்கமும் தாள் ஒட்டிய ஜிப்சம் பலகை. தண்ணீரையும் நீராவியையும் குறைத்துக்கொள்ளுங்கள், பலகையின் மேல்தாள் ஊறிக் கிழிந்துவிடும். சுவிட்ச் அருகே ஈரம் படும் முன் ஃப்யூஸ் பாக்ஸில் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள்.

கைக்குழந்தை இருக்கிறது என்றீர்கள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். பழைய வீட்டில் தாளுக்கு அடியில் இருக்கும் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். மேடுபள்ளமாக வளைவு வளைவாகப் பூசிய ஆர்டெக்ஸ் என்ற அலங்காரப் பூச்சு தெரிந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸும் (கல்நார்) இருக்கலாம். பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் முழுதாகத் தடையானதே 1999இல்தான். சோதித்துப் பார்க்கும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. அந்தத் தூசு குழந்தையின் மூச்சில் போகும்.

தாள் போனபின் பசையை இரண்டு முறையாவது கழுவித் துடையுங்கள். பசை மிச்சமிருந்தால் புதுப் பெயிண்ட் செதில் செதிலாக எழும்பும். வேலூர் வெயிலில் சுவர் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். இங்கே ஜன்னலைத் திறந்து வைத்துச் சில நாள் பொறுக்கத்தான் வேண்டும். அப்புறம் பட்டி பார்க்கலாம்.

அந்த மூலையை உரித்ததும் ஒரு படம் அனுப்புங்கள். உள்ளே இருப்பது பூச்சா பலகையா என்று பார்த்துச் சொல்கிறேன்.