மனாங் வரை ஜீப்பில், அதற்கு மேல் பழைய புத்தகத்தின்படி

நேபாளத்தில் அன்னபூர்ணா மலைகளைச் சுற்றிவரும் நடைபயணப் பாதையான அன்னபூர்ணா சுற்றுப்பாதைக்குக் கிளம்பியபோது என் பையில் இருந்தது 2004இல் அச்சான வழிகாட்டிப் புத்தகம். அண்ணன் அந்தப் பக்கம் நடந்தபோது வாங்கியது. மலையும் ஆறும் எங்கே போய்விடப்போகிறது என்ற தைரியத்தில் புதிதாக எதுவும் வாங்கவில்லை.

புத்தகம் எழுதப்பட்ட காலத்தில் பயணம் தொடங்கும் ஊரான பெசிசஹரைத் தாண்டினால் பெரும்பாலும் நடைதான். மர்ஸ்யாங்தி ஆற்றை ஒட்டி, மேலே இருக்கும் மனாங் என்ற ஊருக்குப் போய்ச் சேரக் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். இப்போது மனாங் வரை ஜீப் ஓடுகிறது. நானும் நண்பனும் ஜீப்பில் ஏறி, வழியில் சாமேயில் ஓர் இரவு தங்கி, மறுநாள் மதியமே மனாங்கில் இறங்கிவிட்டோம். ஐந்து நாள் மிச்சம் என்று அவ்வளவு சந்தோஷம்.

தப்பு அதற்கப்புறம்தான் நடந்தது. மனாங் பக்கத்தைத் திறந்து, அங்கிருந்து புத்தகம் சொன்னபடியே போனோம். ஒரு நாள் ஓய்வு, அடுத்த நாள் யாக் கர்க்கா. அந்த ஒரு நாள் ஓய்வு, ஒரு வாரம் நடந்து நடந்து உடம்பு உயரத்துக்குப் பழகியவர்களுக்குச் சொன்னது. நாங்களோ சுமார் 800 மீட்டரிலிருந்து 3,540 மீட்டருக்கு இரண்டே நாளில் வந்தவர்கள். புத்தகத்தில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. அது யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதோ, அந்த ஆள் நாங்கள் இல்லை, அவ்வளவுதான்.

யாக் கர்க்கா 4,000 மீட்டருக்குச் சற்று மேலே. மதியம் போய்ச் சேர்ந்தோம். கொஞ்ச நேரத்திலேயே நண்பனுக்குத் தலைவலி ஆரம்பித்து, மூன்று மணிக்குள் இரண்டு முறை வாந்தி. தங்கும் விடுதியை நடத்திய அக்கா ஒரே கேள்விதான் கேட்டார்: "பெசிசஹரிலிருந்து என்றைக்குக் கிளம்பினீர்கள்?" சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள், காலை வரை வைத்திருக்காதீர்கள்" என்றார். அவன் பையையும் நானே தூக்கிக்கொண்டேன். இருட்டுகிற நேரத்தில் மனாங் வந்தோம். இறங்க இறங்கவே அவன் முகம் தெளிந்ததை நான் மறக்க மாட்டேன்.

மனாங்கில் இமயமலை மீட்புச் சங்கத்தின் மருத்துவ முகாம் சீசனில் இயங்கும். அங்கிருந்த மருத்துவர் நாள் கணக்கையெல்லாம் திரும்ப எண்ண வைத்தார். 3,000 மீட்டருக்கு மேல், படுத்துத் தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்றார். மூன்று நாள் அங்கேயே இருந்தோம். அப்புறம் மெதுவாக ஏறி, 5,416 மீட்டர் தொரோங் லா கணவாயை இருவருமே கடந்தோம்.

இன்னொன்று. ஜீப் சாலையை விட்டு விலகிப் போக, சிவப்பு வெள்ளைப் பெயின்ட் அடித்த புதிய நடைபாதைகள் இருக்கின்றன. பழைய புத்தகத்தில் அவை கிடையாது. அதை மட்டும் நம்பி நடப்பவர்கள் நாள் முழுக்க வண்டிப் புழுதியைத்தான் சுவாசிப்பார்கள். கணவாய்க்கு அந்தப் பக்கமும் அதே கதை: முக்திநாத்திலிருந்து நடந்து இறங்கும் வழியைப் புத்தகம் விவரமாகச் சொல்கிறது, நாங்கள் போனபோது பேருந்து நின்றுகொண்டிருந்தது.

புத்தகத்தை அண்ணனிடம் திருப்பிக் கொடுக்கும் முன் மனாங் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்: "ஜீப்பில் வந்தால் இந்த நாள் கணக்கு செல்லாது."