மறு: சிற்பத்துக்கு ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’ சரியா?

> லிமிடெட் எடிஷன் என்றால் வரையறுக்கப்பட்ட பதிப்பு. எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறோம். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது அண்ணா. போன வாரம் புதுச்சேரியில் ஒரு சிற்பக் காட்சிக்குப் பெயரட்டை எழுதிக் கொடுத்தேன். முழங்கை உயர வெண்கலத் தாய்த்தெய்வம். முகம் கிடையாது, மார்பும் வயிறும்தான் உடம்பே. ஆஸ்திரியாவில் 1908இல் கிடைத்த வில்லென்டார்ஃப் கற்காலப் பெண்சிலையின் சாயல் (அது சுண்ணாம்புக்கல், 11 சென்டிமீட்டர்தான்). நம் பெருமாள் பக்கத்தில் நிற்கும் பூதேவியைத் தேடி வந்தவர்கள் கொஞ்சம் திகைத்தார்கள், அது வேறு கதை. பீடத்தில் 3/8 என்று பொறித்திருந்தது, அதாவது எட்டுப் படிகளில் மூன்றாவது. நானும் ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு, 3/8’ என்று எழுதிவைத்தேன். வில்லியனூர் சுடுமண் கலைஞர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, “மீதி அஞ்சு பங்கு எங்கே இருக்கு?” என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

பதிப்பு தாளுக்கு உரியது, இது வார்ப்பு. சுவாமிமலை முறையில் இப்படி ஒரு சொல்லுக்கே வேலை இல்லை. ஒரு மெழுகு உருவம், அதன்மேல் மண், மெழுகை உருக்கி எடுத்த இடத்தில் உலோகம். ஆறியதும் மண்ணை உடைத்தால் சிலை ஒன்று, அச்சு போச்சு. இந்தச் சிற்பியோ ரப்பர் அச்சு வைத்து ஒரே உருவத்துக்கு எட்டு மெழுகு எடுத்திருக்கிறார். எட்டோடு நிறுத்துவது அவர் கொடுக்கும் வாக்கு.

‘ஓர் ஈற்றில் எட்டு’ என்று முதலில் யோசித்தேன் (ஈற்று என்றால் ஒரு பிரசவம்). தாய்த்தெய்வத்துக்கு அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நாளை கைக்கடிகாரத்துக்கும் அதே சொல் வேண்டுமே! அப்புறம் அடுப்படியில் கிடைத்தது: ஈடு. ‘ரெண்டு ஈடு இட்லி’ என்கிறோமே, அதுதான். ஒரே தட்டு, ஒரே குழி, எண்ணி எடுப்பது. வெளியீட்டிலும் அந்த ஈடுதான் இருக்கிறது. எண் + ஈடு = எண்ணீடு.

சிற்பி தனக்கென்று வைத்துக்கொள்ளும் படிகளுக்கு ‘கலைஞர் பங்கு’ போதும். பிரெஞ்சு வழக்கத்தில் எட்டு எண்ணிட்டவை, கூடவே ரோமன் எண்ணில் கலைஞருக்கு நான்கு. இந்த 12 வரைதான் மூலச் சிற்பம் என்று கணக்கு.

—

மறுமொழி, கடலூரிலிருந்து:

தம்பி, எண்ணீடு எனக்குச் சம்மதம். ‘எண்ணிடுதல்’ என்று சிலர் மயங்குவார்கள், பழகினால் சரியாகிவிடும். அட்டையில் பின்னம் வேண்டாம். ‘எண்ணீடு எட்டு, இது மூன்றாவது’ என்று எழுதிவிடு. ஒன்று மட்டும்: எத்தனை என்று சொல்லாமல் விலை ஏற்றுவதற்காகவே ‘லிமிடெட்’ போடும் கடிகாரத்துக்கெல்லாம் இந்தச் சொல்லைக் கொடுத்துவிடாதே. அதற்கு லிமிடெட்டே இருக்கட்டும்.