மறு: 'சுயமேம்பாடு' போதுமா, புதுச் சொல் வேண்டுமா?

அன்புள்ள கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> 'சுயமேம்பாடு' புழக்கத்தில் இருக்கிறதே, புதுச் சொல் எதற்கு?

ஐயா, அந்தப் புழக்கம்தான் சிக்கல். அதைக் கேட்டதும் பேருந்து நிலையக் கடையில் விற்கும் வெற்றி நூல்கள்தான் நினைவுக்கு வருகின்றன. 'ஆளுமை வளர்ச்சி' நேர்காணல் பயிற்சியாகிவிட்டது. நாம் பெயர் தேடுவது, மாணவர் தன் வாழ்க்கையை எழுதி, எழுதியதைத் தானே படித்துப் பக்குவப்படுவதற்கு.

முன்மடலில் அம்மா சொன்ன 'தற்பண்படுத்தல்' நெருங்கி வருகிறது. நிலத்துக்கும் மனத்துக்கும் பொதுவான வினை அது. ஆனால் பண்படுத்துவது பிறவினை. வாத்தியார் பிள்ளையைப் பிடித்துச் செய்வதுபோல் இருக்கிறது. திருந்துவதும் திருத்துவதும் ஒன்றா? அதனால் 'தன்பண்படல்' என்று தன்வினையிலேயே வைக்கலாம் என்கிறேன்.

என் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி முதலில் எழுதியது ஒரே வரி: "அப்பா கூலி வேலை பார்க்கிறார்." என்ன வேலை, பார்த்ததை எழுது என்றேன். ஆத்தங்குடியில் பூக்கல், அதாவது பூப்போட்ட தரைக்கல், போடும் பட்டறையாம். அடுத்த வாரம் ஒரு பக்கம் வந்தது. கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றுவது, அச்சைத் தூக்கும்போது கை ஆடினால் பூ கலைந்துபோவது, அப்புறம் "அதனால்தான் அப்பா வீட்டில் டம்ளரைக்கூட மெதுவாக வைப்பார் என்று இப்போது தெரிகிறது." அந்த 'இப்போது தெரிகிறது' அவளே கண்டது. நான் பண்படுத்தவில்லை, அவள் பண்பட்டாள்.

அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் பைனார் 1975இல் முன்வைத்த தன்வரலாற்று முறையும் இதற்குத் துணை. பாடத்திட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலம் 'currere', அதாவது 'ஓடுதல்' என்னும் வினை. அந்த வினையையே அவர் தம் முறைக்குப் பெயராக்கினார். பழையதை நினைத்தல், வரப்போவதை எண்ணிப் பார்த்தல், பகுத்தல், தொகுத்தல் என்று நான்கு படிகள். நான்கையும் செய்பவர் எழுதுபவரே.

சந்திப்படி 'தற்பண்படல்' என்பீர்கள். 'தற்பெருமை', 'தற்புகழ்ச்சி' வாடை அடிக்கிறது. செல்ஃபிக்குத் 'தன்படம்' என்றும் எழுதுகிறார்களே, அதுபோல் இதுவும் நிலைக்கும்.

காரைக்குடியிலிருந்து,
ஒரு தமிழாசிரியர்

---

> தன்வினையிலேயே வைக்கலாம்

சரி ஐயா, ஒரு கேள்வி. பண்படலே தன்வினை என்றால் முன்னால் 'தன்' எதற்கு? 'பண்படல்' போதாதா?

தேவகோட்டையிலிருந்து

---

போதாது அம்மா. வயதும் அடிபட்ட அனுபவமும்கூட ஆளைப் பண்படவைக்கும். இங்கே மாணவர் தெரிந்தே, தன்னையே பொருளாக வைத்துச் செய்கிறார். அந்த முயற்சியைத்தான் 'தன்' காட்டுகிறது. ஆசிரியர் பங்குக்கு 'தன்பண்படல் துணை' என்று தனிப் பதிவு போடலாம். அதன் விளக்கத்தில், எழுதியதை வகுப்பில் வாசிப்பதா வேண்டாமா என்பது மாணவர் முடிவு என்று கட்டாயம் சேர்க்க வேண்டும். வீட்டுக் கடனையும் சண்டையையும் எழுதும் பிள்ளைகள் உண்டு. அதற்கு மதிப்பெண் போடவும் கூடாது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.