பட்டாணி வேர் முடிச்சும் பவளத்தின் பாக்டீரியாவும் ஒன்றா?

மன்னவனூர்ப் பட்டாணி:
பவளத்துக்குள் பாக்டீரியா குடியிருப்பதைப் பலரும் அதிசயமாகப் பேசுகிறார்கள். எங்கள் காட்டில் ஒரு பட்டாணிச் செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் கடுகுபோல் முடிச்சுகள். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜன் பிடிக்கிறது என்று அர்த்தம். ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் பாக்கெட்டைக் கலந்து விதைநேர்த்தி செய்கிறோமே, அதுபோல மன்னார் வளைகுடாவில் வெளுத்த பவளத்துக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொடுத்தால் தேறிவிடும்.

கோத்தகிரி நுண்ணோக்கி:
அவசரம் வேண்டாம் ஐயா. பவளத்துக்குச் சோறு போடுவது பாக்டீரியா அல்ல, திசுவுக்குள் வாழும் நுண்பாசி. கடல் சூடேறினால் அந்தக் கூட்டு முறிந்து பாசி வெளியேறுகிறது. வெள்ளைச் சுண்ணாம்புக் கூடு தெரிகிறது. 1998, 2010, 2016 மூன்று முறையும் மன்னார் வளைகுடாவில் நடந்தது அதுதான். கஞ்சி ஊற்றினால் கடல் ஆறுமா?

மன்னவனூர்ப் பட்டாணி:
கிண்டல் இருக்கட்டும் அம்மா. எண்டோசோயிகோமோனாஸ் என்ற பாக்டீரியா பல பவளங்களின் திசுவுக்குள்ளேயே கொத்துக் கொத்தாக வாழ்கிறது. சும்மாவா இடம் கொடுத்திருக்கும்? 2021இல் வெளியான ஆய்வில், பிரேசில் கடல் பவளத்துக்குத் தொட்டியில் நல்ல பாக்டீரியாக் கலவையைக் கொடுத்துச் சூடேற்றினார்கள். பிழைத்தவை 40 சதவீதம் கூடின.

கோத்தகிரி நுண்ணோக்கி:
தொட்டியில்! சரி, ஒரு கேள்வி. பீன்ஸுக்கு யூரியாவை அள்ளிப் போட்டால்?

மன்னவனூர்ப் பட்டாணி:
கொடி ஓடும். காய் பிடிக்காது.

கோத்தகிரி நுண்ணோக்கி:
பாசியும் அப்படித்தான். நைட்ரஜன் பற்றாக்குறை இருக்கும்வரை மிச்சச் சர்க்கரையைப் பவளத்துக்குக் கொடுக்கும். தாராளமாகக் கிடைத்தால் தானே தின்று பெருகும். உங்கள் செடிக்கு வரமாக இருப்பது பவளத்துக்கு அளவு மீறினால் வினை.

அவலாஞ்சிக் காற்று:
இடையில் ஒரு வார்த்தை. தோல் பதனிடும் பட்டைக்காக நட்ட சீகை (வாட்டில்) மரத்துக்கும் வேரில் இதே முடிச்சுதான். சத்தில்லாத மண்ணிலும் அது கொழுத்தது. எங்கள் புல்வெளிதான் போயிற்று. கூட்டாளி நல்லவனா என்று கேட்குமுன், யாருக்கு என்றும் கேளுங்கள்.

மன்னவனூர்ப் பட்டாணி:
யூரியாவில் மாட்டிக்கொண்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கலவையில் நைட்ரஜன் பிடிப்பவையா முக்கியம்? சூட்டில் பாசி கக்கும் நச்சு ஆக்சிஜனைக் கேட்டலேஸ் நொதியால் முறிப்பவையும் இருந்தன. அதற்கு என்ன பதில்?

கோத்தகிரி நுண்ணோக்கி:
அவற்றை நான் மறுக்கவில்லை. அலையடிக்கும் பவளத் திட்டில் எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊற்றுவீர்கள், எத்தனை படகு வேண்டும்? அதைச் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.